ராஜாவின் காம்பவுண்ட் சுவரை உடைத்தவர்: யார் இந்த மிகைல் டால்?

1960 மார்ச் மாதம். மாஸ்கோ புஷ்கின் தியேட்டரில் உலக செஸ் சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தது. அன்று 6-வது ஆட்டம். வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் உலக சாம்பியன் மிகைல் போட்வினிக். வயது 48, தொழிலால் மின் பொறியாளர். செஸ்ஸையும் ஒரு இன்ஜினியர் மாதிரியே அணுகுபவர். எதிரே 23 வயது இளைஞர்.

அந்த இளைஞர் 21-வது நகர்த்தலில் தன் குதிரையைக் கொண்டுபோய் எஃப்4 கட்டத்தில் வைத்தார். வெள்ளைச் சிப்பாய் அதைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். பலகையைப் பார்த்த கூட்டத்துக்கு நம்ப முடியவில்லை. உலக சாம்பியனிடம், அதுவும் உலக சாம்பியன்ஷிப் ஆட்டத்தில், ஒரு குதிரையை இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா? அரங்கில் சத்தம் அடங்கவே இல்லை. கடைசியில் நடுவர்கள் இரண்டு பேரையும் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போய் ஆட்டத்தைத் தொடர வைத்தார்கள்.

போட்வினிக் குதிரையை வெட்டினார். ஆட்டத்தில் தோற்றார். அந்த மேட்சிலும் தோற்றார். பிறகு நிபுணர்கள் நிதானமாக உட்கார்ந்து ஆராய்ந்தபோது, 25-வது நகர்த்தலில் அவருக்கு இதைவிட நல்ல தற்காப்பு ஒன்று இருந்தது தெரியவந்தது. அதாவது அந்தக் குதிரை பலி, கணக்குப்படி பார்த்தால் அப்படி ஒன்றும் அப்பழுக்கற்றது இல்லை!

அந்த இளைஞர்தான் மிகைல் டால். செஸ் ரசிகர்கள் அவரை 'ரிகாவின் மந்திரவாதி' என்று அழைத்தார்கள். இறந்து 30 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் யூடியூபில் செஸ் வீடியோ பார்க்கும் யாரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

காஸ்லிங் செய்த ராஜா அவ்வளவு பத்திரமா?

டாலைப் புரிந்துகொள்ள முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது ராஜா பலகையின் நடுவில் நிற்கும். நடுவில்தான் சண்டை அதிகம். அதனால் ராஜாவை ஒரு பக்கமாக இரண்டு கட்டம் நகர்த்தி, மூலையில் இருக்கும் யானையைத் தூக்கி அதற்கு மறுபுறம் வைப்பார்கள். ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள். இதுதான் காஸ்லிங்.

இப்போது ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள். இதை ஒரு வீட்டின் காம்பவுண்ட் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தச் சுவருக்கு வெளியே ஒரு குதிரை நிற்கும். கறுப்புக் காய்கள் என்றால் எஃப்6 கட்டத்தில். அதுதான் வாட்ச்மேன். ராஜாவுக்குப் பக்கவாட்டில் இருக்கும் எச்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர காவல் அந்த வாட்ச்மேன் மட்டும்தான். எதிராளியின் ராணி அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதும் அதே குதிரைதான்.

அப்படியென்றால் தாக்குபவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் வாட்ச்மேனை விரட்ட வேண்டும். பிறகு சுவரில் ஒரு செங்கல்லையாவது பெயர்க்க வேண்டும். அதற்குத் தன் காய் ஒன்றைக் கொடுத்தாலும் பரவாயில்லை. வெளியே எத்தனை காய் மிச்சம் என்பதைவிட, ராஜாவின் வீட்டு வாசலில் எத்தனை காய் நிற்கிறது என்பதே அப்போது முக்கியம். இது டால் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1889-ல் ஆம்ஸ்டர்டாமில் இமானுவேல் லாஸ்கர் இரண்டு பிஷப்புகளையும் அடுத்தடுத்து பலி கொடுத்து எதிராளியின் சுவரைத் தரைமட்டமாக்கிய ஆட்டம் இன்றுவரை பாடமாக இருக்கிறது. ஆனால் 1950-களின் சோவியத் செஸ் வேறு மாதிரி மாறியிருந்தது. தயாரிப்பு, அறிவியல், தற்காப்பு. இந்த மாதிரித் தாக்குதலெல்லாம் நல்ல தற்காப்பு ஆட்டக்காரரிடம் எடுபடாது என்ற நினைப்பு பரவலாக இருந்தது. அந்த நேரத்தில்தான் டால் வந்தார்.

டாக்டர் வீட்டுப் பையன்

1936 நவம்பர் 9 அன்று லாட்வியாவின் தலைநகர் ரிகாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறக்கும்போதே வலது கையில் மூன்று விரல்கள்தான். அதை வைத்துக்கொண்டே பின்னாளில் பியானோ வாசித்தார். அப்பா மருத்துவர். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் செஸ் ஆடுவதைப் பார்த்துத்தான் சிறுவனுக்கு ஆட்டம் பழக்கமானது.

அதற்கு முன்பே போர் வந்துவிட்டது. 1941-ல் ஜெர்மானியப் படை ரிகாவைப் பிடித்தபோது டால் குடும்பம் அங்கே இல்லை. ரஷ்யாவின் பெர்ம் பகுதியில் உள்ள யுர்லா என்ற ஊருக்குப் போய்விட்டது. ரிகாவிலேயே தங்கிவிட்ட யூதர்களில் பெரும்பாலானோர் அந்த வருடக் கடைசிக்குள் கொல்லப்பட்டார்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பியதும் இளம் பயனியர் மாளிகையில் செஸ் பயிற்சி. கொஞ்ச காலத்தில் அலெக்சாண்டர் கோப்லென்ட்ஸ் பயிற்சியாளராக வந்தார். டாலின் பெரிய வெற்றிகள் அத்தனையிலும் கூட இருந்தவர் இவர்தான். 1953-ல் லாட்வியா சாம்பியன். படிப்பிலும் பையன் வேகம். 15 வயதிலேயே லாட்வியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். எடுத்த பாடம் இலக்கியம். இல்ஃப், பெட்ரோவ் என்ற ரஷ்ய நையாண்டி எழுத்தாளர்களைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினார். கொஞ்ச நாள் ரிகாவில் பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்திருக்கிறார். டாலின் எழுத்தில் எப்போதும் ஒரு குறும்பு இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

பிறகு நடந்தது எல்லாம் மின்னல் வேகம். 1957-ல் 20 வயதில் சோவியத் சாம்பியன். அடுத்த வருடமும் அவரே. 1958-ல் போர்டோரோஷ் இன்டர்சோனலில் முதலிடம். 1959-ல் யூகோஸ்லாவியாவில் கேண்டிடேட்ஸ் போட்டி. 8 பேர், ஆளுக்கு 28 ஆட்டம். டால் கொஞ்ச நாள் முன்புதான் அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் செய்திருந்தார். இருந்தாலும் 20 புள்ளிகள் எடுத்து முதலிடம். 16 வயது பாபி ஃபிஷரை நான்கு ஆட்டத்திலும் தோற்கடித்தார்.

இதில் ஒரு சுவாரசியம்: இரண்டாவது வந்த பால் கெரெஸிடம் டால் 1-3 என்று தோற்றிருக்கிறார். ஆனால் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்தவர்களிடம் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. அங்கேதான் வித்தியாசம் வந்தது.

அதே போட்டியில்தான் பால் பென்கோ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு டாலுக்கு எதிரே உட்கார்ந்தார். டால் எதிராளியை உற்றுப் பார்த்தே மயக்கிவிடுகிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. டால் சும்மா இருப்பாரா? இதை முன்பே கேள்விப்பட்டு, சக வீரர் பெட்ரோசியனிடம் ஒரு பெரிய கூலிங் கிளாஸை இரவல் வாங்கி வைத்திருந்தார். அதை அவர் மாட்டிக்கொண்டதும் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கண்ணாடி பென்கோவைக் காப்பாற்றவில்லை.

1960-ல் போட்வினிக்கை 12.5 - 8.5 என்று ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் ஆனதில்லை. 1985-ல் 22 வயது காஸ்பரோவ் அதை முறியடித்தார். 2024-ல் நம்ம சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் அதையும் முறியடித்தது உங்களுக்கே தெரியும்.

ஒரு வருட சாம்பியன்

அன்றைய விதிப்படி தோற்ற சாம்பியனுக்கு மறு ஆட்டம் கேட்கும் உரிமை இருந்தது. போட்வினிக் கேட்டார். 1961-ல் இருவரும் மறுபடி மோதினார்கள். 13 - 8. இந்த முறை போட்வினிக் பக்கம்.

என்ன நடந்தது? இரண்டு காரணங்கள். முதலாவது, போட்வினிக் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தார். டாலுக்குத் தேவை திறந்த பலகையும் ராணிகளும். ராணியை மாற்றிக்கொண்டுவிட்டால் ராஜாவைச் சுற்றி வளைக்க ஆள் இல்லை. சிப்பாய்கள் ஒன்றோடு ஒன்று முட்டி நின்றுவிட்டால் காய்கள் பாய வழி இல்லை. போட்வினிக் இந்த இரண்டையும் பொறுமையாகச் செய்தார். ஆட்டத்தை எண்ட்கேமுக்கு இழுத்துப்போனார். அங்கே அவர் ராஜ்ஜியம்.

இரண்டாவது காரணம், டாலின் சிறுநீரகம். மேட்ச் தொடங்கும் முன்பே உடம்பு சரியில்லை. தள்ளிவைக்கலாம் என்று ரிகா டாக்டர்கள் சொன்னார்கள். மாஸ்கோ டாக்டர்களின் சான்றிதழ் வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் நிலை. டால் அந்தச் சான்றிதழ் வாங்கப் போகவே இல்லை. ஆடினார், தோற்றார். 24 வயதில் முன்னாள் உலக சாம்பியன்.

தோற்றதற்கு உடம்பை மட்டும் காரணமாகச் சொல்வது போட்வினிக்குக்கு நியாயம் இல்லை என்பது என் கருத்து. 49 வயதில், தன்னை நொறுக்கிய ஒருவரின் பலவீனத்தை ஒரே வருடத்தில் கண்டுபிடித்துத் திருப்பி அடிப்பது சாதாரண வேலை இல்லை.

1962-ல் குராசாவ் தீவில் கேண்டிடேட்ஸ் போட்டி. அதற்குச் சில மாதம் முன்புதான் சிறுநீரக ஆபரேஷன் நடந்திருந்தது. முக்கால்வாசிப் போட்டி முடிந்தபோது டாலால் தொடர முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்தார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தவர் பாபி ஃபிஷர். ஆமாம், மூன்று வருடம் முன்பு நான்கு ஆட்டத்திலும் தோற்ற அதே ஃபிஷர்.

லார்சனோடு ஒரு ஆட்டம்

டாலின் தாக்குதல் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்லச் சொன்னால் நான் 1965-ஐத்தான் எடுப்பேன். பிளெட் நகரம், கேண்டிடேட்ஸ் அரையிறுதி, எதிரே டென்மார்க்கின் பென்ட் லார்சன். 9 ஆட்டம் முடிந்து 4.5 - 4.5. கடைசி ஆட்டம். ஜெயிப்பவர் ஃபைனலுக்கு, தோற்பவர் வீட்டுக்கு. யாராக இருந்தாலும் இந்த நிலையில் கொஞ்சம் அடக்கி வாசிக்கத்தான் தோன்றும்.

வெள்ளைக் காய்களோடு ஆடிய டால், தன் ராஜாவை ராணி இருக்கும் பக்கமாகக் காஸ்லிங் செய்தார். லார்சனின் ராஜா எதிர்ப் பக்கம். இப்படி ஆளுக்கொரு பக்கம் ராஜா போய்விட்டால் இரண்டு பேரும் கவலையே இல்லாமல் எதிரி ராஜாவை நோக்கிச் சிப்பாய்களைத் தள்ளலாம். தன் ராஜாவின் சுவர் அந்தப் பக்கம் இல்லையே. முதலில் போய்ச் சேருபவர் ஜெயிப்பார். ஓட்டப்பந்தயம்தான்.

டால் ஜி சிப்பாயை இரண்டு தடவை தள்ளி, எஃப்6-ல் இருந்த கறுப்புக் குதிரையை விரட்டினார். வாட்ச்மேன் போயாச்சு. லார்சன் பதிலுக்கு மறுபக்கம் பி சிப்பாயைத் தள்ளி, டாலின் குதிரையை மிரட்டினார். வேறு யாராக இருந்தாலும் குதிரையைப் பின்னால் எடுத்திருப்பார்கள். ஆனால் பின்னால் போனால் ஓட்டத்தில் ஒரு அடி நஷ்டம். 16-வது நகர்த்தலில் டால் குதிரையை முன்னால், டி5 கட்டத்தில் வைத்தார். கறுப்புச் சிப்பாய் அதை வெட்டலாம். லார்சன் வெட்டினார். பதிலுக்கு டாலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சிப்பாய்.

அப்புறம்தான் பலகை வேறு மாதிரி தெரிகிறது. டாலின் இரண்டு பிஷப்புகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நின்று, ஒன்று எச்7-ஐயும் ஒன்று ஜி7-ஐயும் குறிவைக்கின்றன. லாஸ்கர் 1889-ல் செய்த அதே இரட்டைப் பலி மிரட்டல்! நடுவில் ஒரு வரிசை முழுசாகத் திறந்துவிட்டது. அங்கே டாலின் யானை வரும். லார்சன் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஒரு பிஷப்பின் வழியை மறித்தார். பார்க்க நியாயமான நகர்த்தல். ஆனால் ஜி சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பது பின்னால் வந்த ஆய்வு. மூன்று நகர்த்தல் கழித்து, வழியை மறித்த அந்தச் சிப்பாயைப் பிஷப்பாலேயே வெட்டினார் டால். 37-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. 5.5 - 4.5.

இன்று உங்கள் போனில் இருக்கும் இலவச செஸ் இன்ஜினிடம் இந்த ஆட்டத்தைக் கொடுத்தால், சரியான பதில் என்ன என்று கண் இமைக்கும் நேரத்தில் காட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு, டால் ஏமாற்றி ஜெயித்தவர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. லார்சனிடம் இன்ஜின் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் இருந்தது. தற்காப்பவர் ஒவ்வொரு நகர்த்தலிலும் சரியான ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் முடிந்தது. தாக்குபவருக்குத் தவறினாலும் இன்னொரு வழி இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைத்தான் டால் விலை கொடுத்து வாங்கினார். குதிரை அதற்கான விலை.

ஃபைனலில் ஸ்பாஸ்கியிடம் 4 - 7 என்று தோற்றார். 8 ஆட்டம் வரை சமம். அடுத்த மூன்றையும் ஸ்பாஸ்கி ஜெயித்தார். அதற்கு மேல் உலக சாம்பியன் பட்டத்துக்கு அவ்வளவு நெருக்கமாக டால் வரவே இல்லை.

எல்லாமே கணக்கா?

வாசியுகோவ் என்ற கிராண்ட்மாஸ்டருடன் ஆடிய ஆட்டம் பற்றி டாலே தன் சுயசரிதையில் ஒரு வேடிக்கை எழுதியிருக்கிறார். காஸ்லிங் செய்த ராஜாவுக்கு முன்னால் குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். கணக்கு கிளை கிளையாகப் பிரிந்து சிக்கலாகிறது. திடீரென்று, சதுப்பு நிலத்தில் மாட்டிய நீர்யானையை வெளியே இழுப்பது எப்படி என்ற யோசனை மனதில் புகுந்துவிடுகிறது. குழந்தைப் பாட்டு ஒன்றில் வரும் விஷயம் அது. ஜாக்கி, நெம்புகோல், ஹெலிகாப்டர், கயிற்று ஏணி என்று மனம் எங்கெங்கோ போகிறது. ஒன்றும் சரிப்படவில்லை. சரி, மூழ்கட்டும் என்று விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தால், நிலைமை அவ்வளவு சிக்கலாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கணக்குப் போட முடியாது என்று புரிந்து, குதிரையைக் கொடுத்துவிட்டார். ஜெயித்தார். மறுநாள் பேப்பரில், டால் 40 நிமிடம் யோசித்துத் துல்லியமாகக் கணக்கிட்டுப் பலி கொடுத்தார் என்று செய்தி!

தோற்காத மனிதர்

டால் என்றாலே எல்லோரும் 1960-ஐத்தான் பேசுகிறார்கள். ஆனால் 1969-ல் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்ட பிறகு அவர் ஆடியது இன்னும் ஆச்சரியம். 1972-க்கும் 1973-க்கும் இடையே 86 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவில்லை. 1973 அக்டோபர் முதல் 1974 அக்டோபர் வரை 95 ஆட்டங்கள். அதில் 46 வெற்றி, 49 டிரா. எப்போதும் ரிஸ்க் எடுப்பவர் என்று பெயர் வாங்கியவரின் சாதனை, தோற்காமல் இருப்பதில்! 2018-ல் சீனாவின் டிங் லிரென் அந்த 95-ஐத் தாண்டினார்.

ஆட்டம் மாறியிருந்தது. காய்களைத் தேவையான இடத்தில் வைத்துவிட்டு, பழுக்கும் வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தார். 1979-ல் மாண்ட்ரியலில் அன்றைய உலக சாம்பியன் கார்போவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மொத்தம் 6 முறை சோவியத் சாம்பியன். 1988-ல் கனடாவின் செயின்ட் ஜான் நகரில் உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பை 51 வயதில் வென்றார். அங்கே காஸ்பரோவும் இருந்தார், கார்போவும் இருந்தார்.

நடுவில் உடம்பு கூடவே இல்லை. மருத்துவமனைகள், ஆபரேஷன்கள். சிகரெட்டையும் விடவில்லை, மதுவையும் விடவில்லை. டாக்டர் வீட்டுப் பையன் எந்த டாக்டர் பேச்சையும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம்ம ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் முன்னின்று வளர்த்த செஸ் கிளப் சென்னையில் இருந்த சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கியது. அதன் பெயர் டால் செஸ் கிளப். அங்கே போய் மணிக்கணக்கில் பிளிட்ஸ் ஆடிய சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். ஆனந்தின் கை வேகத்துக்கு அந்த கிளப்பும் ஒரு காரணம்.

1992 மே மாதம், பார்சிலோனாவில் தன் கடைசிப் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே இளம் வீரர் விளாடிமிர் அகோபியன். டால் டிரா கேட்டார். அகோபியன் மறுத்தார். டால் ஜெயித்தார்.

அந்த மாதக் கடைசியில் மாஸ்கோவில் ஒரு பிளிட்ஸ் போட்டி. டால் மருத்துவமனையில் இருந்தார். அங்கிருந்து கிளம்பி வந்து ஆடினார். உலக சாம்பியன் காஸ்பரோவை அங்கே ஒரு ஆட்டத்தில் தோற்கடித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 28 அன்று மாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார். வயது 55. உடலை ரிகாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள யூத மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.